குழந்தையின் சட்டைக்குச் சுங்கம்

(இரத்தினபுரி மாவட்டத் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்துருவம்)



நாட்கூலியைப் பற்றிப் பேசவே நான் எழுந்து நிற்கிறேன் என்று உங்களிற் பலர் எண்ணியிருப்பீர்கள். கூலியைப் பேசாத மேடை நமக்கு ஏது? 2021 இல் 1,000 ரூபாய், 2024 இல் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் ஏறிய ஒவ்வொரு ரூபாய்க்கும் நாம் பட்ட பாட்டை நான் உங்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆனால், கைக்கு வரும் கூலியை எண்ணிப் பார்க்கும் நாம், கையை விட்டுப் போகும் கூலி எந்த வழியாய்ப் போகிறது என்பதை எண்ணிப் பார்க்கிறோமா? இன்று நான் பேச விரும்புவது அந்த வழிகளுள் ஒன்றைப் பற்றி. மிகச் சிறிய வழி. ஒரு குழந்தையின் சட்டைக் கையளவு வழி.

அரிசி விலை ஏறினால் நாடு பேசும். 1953 இல் பங்கீட்டு அரிசி கொத்து ஒன்று 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஆகஸ்டு 12 ஆந் திகதி நாடே ஹர்த்தால் செய்தது. அவ்வாண்டு அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். அரிசிக்கு அந்த மரியாதை உண்டு. மாவுக்கும் சீனிக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஓரளவு உண்டு. குழந்தையின் சட்டைக்கு அந்த மரியாதை இல்லை. அதன் விலையில் அரசாங்கத்தின் பங்கு எவ்வளவு என்று கேட்டு எவரும் ஊர்வலம் போனதில்லை. கேட்பதற்கு முன் அது எங்கே எழுதியிருக்கிறது என்பதையாவது நாம் அறிந்துகொள்ள வேண்டாமா?

அது சுங்கத் தீர்வைப் பட்டியலில் எழுதியிருக்கிறது. கப்பலில் வந்து கொழும்புத் துறைமுகத்தில் இறங்கும் எந்தச் சரக்கும் அந்தப் பட்டியலில் ஓர் இலக்கத்தின் கீழ் அடங்க வேண்டும். இலக்கம் எதுவோ, அதற்குரிய தீர்வை. பட்டியலின் முதல் ஆறு இலக்கங்கள் நம் நாட்டார் வகுத்தவையல்ல. பிரசல்ஸ் நகரில் 1983 இல் ஓர் உடன்படிக்கை செய்து, 1988 சனவரி முதலாந் திகதி தொட்டு உலக நாடுகள் பலவும் பொதுவாய் ஏற்றுக்கொண்ட முறை அது. ஆறு இலக்கத்துக்கு மேல் வரும் பிரிவுகளையும், ஒவ்வோர் இலக்கத்துக்கும் எவ்வளவு தீர்வை என்பதையும் அந்தந்த நாடே தீர்மானிக்கும். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஆடைகளுக்கு இரண்டு அத்தியாயங்கள். பின்னல் துணியில் தைத்தவை 61 ஆம் அத்தியாயம். நெய்த துணியில் தைத்தவை 62 ஆம் அத்தியாயம். இவ்விரண்டிலும் குழந்தைகளுக்கென்று தனித் தலைப்பு ஒவ்வொன்று உண்டு: பின்னலுக்கு 6111, நெசவுக்கு 6209. அப்படியானால் குழந்தை என்பது யார்? சட்டம் செய்பவன் இதற்கு வயதைச் சொல்லியிருப்பான் என்று நினைப்பீர்கள். இல்லை, உயரத்தைச் சொல்லியிருக்கிறான். உடல் உயரம் 86 சென்றிமீற்றருக்கு மேற்படாத சிறு பிள்ளைக்கென்று தைத்த ஆடை குழந்தை ஆடை. 86 சென்றிமீற்றர் என்பது ஏறத்தாழ 2 அடி 10 அங்குலம். துறைமுகத்திற் பிள்ளையை நிறுத்தி அளப்பதில்லை. சட்டையின் அளவைக் கொண்டே தீர்ப்பு. குழந்தை ஆடையென்றும் சொல்லலாம், வேறு ஆடையென்றும் சொல்லலாம் என்று ஐயம் எழுந்தால், அது குழந்தை ஆடையே என்று விதி சொல்கிறது.

86 ஐத் தாண்டிவிட்டால் பிள்ளைக்குத் தனித் தலைப்புக் கிடையாது. பையனின் காற்சட்டை வளர்ந்த ஆணின் காற்சட்டையோடு ஒரே தலைப்பில் சேரும். சிறுமியின் பாவாடை அவள் தாயின் பாவாடையோடு சேரும். பையனா, சிறுமியா என்பதை எப்படி அறிவது? முன்புறத்தில் இடப்பக்கம் வலப்பக்கத்தின் மேல் வந்து பொத்தான் பூட்டினால் ஆண். வலப்பக்கம் இடப்பக்கத்தின் மேல் வந்தால் பெண். இரண்டும் தெரியாவிட்டால் பெண்கள் கணக்கில் வைத்துக்கொள்! இரண்டடிப் பத்தங்குலம் வரை ஆண் பெண் பேதம் பாராத சுங்கப் பட்டியல், அதற்கு மேல் பொத்தானைப் பார்த்துப் பால் சொல்லுகிறது. உலகத்து அறிஞர்கள் கூடிச் செய்த காரியம். நாம் சிரிக்கக் கூடாது.

சிரிக்கக் கூடாத இடம் ஒன்று உண்மையாகவே இருக்கிறது. அந்த 86 என்னும் எண்ணை எடுத்துக்கொண்டு நம் பிள்ளை மடுவத்துக்கு வாருங்கள். உலகச் சுகாதார தாபனம் 2006 இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகளின்படி, நல்ல உணவு பெற்று வளரும் பெண் குழந்தை இரண்டு வயதில் சராசரி 85.7 சென்றிமீற்றர் உயரமிருக்கும். ஆண் குழந்தை 87.1 இருக்கும். ஆகவே, சுங்கப் பட்டியலின் குழந்தை என்பது உலகக் கணக்கில் ஏறத்தாழ இரண்டு வயது வரையிலான பிள்ளை. அதே அளவுகளின்படி இரண்டரை வயதுப் பையன் 85.1 சென்றிமீற்றருக்குக் குறைவாயிருந்தால், வளர்ச்சி குன்றியவன் என்று மருத்துவர் குறிப்பார். மூன்று வயதாகியும் 85 ஐ எட்டாதவன் கடுமையாகக் குன்றியவன்.

2016 ஆம் ஆண்டுக் குடித்தொகை சுகாதார அளவாய்வு என்ன சொன்னது? இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமற்றவர்கள். தோட்டப்புறங்களில் மட்டும் எடுத்தால் நூற்றுக்கு ஏறத்தாழ 32 பேர். மூன்றில் ஒரு பிள்ளை! பலாங்கொடையிலும் இறக்குவானையிலும் காவத்தையிலும் தெரணியகலையிலும் எட்டியாந்தோட்டையிலும் கொழுந்தெடுத்தும் பால் வெட்டியும் உழைக்கும் தாய்மார்களே, உங்கள் மூன்று வயதுப் பிள்ளைக்குக் கடைக்காரன் இரண்டு வயதுச் சட்டையை எடுத்துக் கொடுக்க, அது அளவாய்ப் பொருந்தினால், "நல்லதாய்ப் போயிற்று, விலை குறைவு" என்று மகிழாதீர்கள். அந்தச் சட்டை ஒரு மருத்துவச் சான்றிதழ். கருவுற்ற தாயின் சோற்றிலும் பிறந்த பிள்ளையின் பாலிலும் குறைந்தது, சட்டையின் அளவிலே தெரிகிறது. சுங்க உத்தியோகத்தர் கோடு கிழித்த இடமும் நம் பசி கோடு கிழித்த இடமும் ஒன்றாகிவிட்டன.

சரி, சட்டைக்கு வருவோம். அது இறக்குமதியாகும்போது அதன்மேல் ஏறும் சுமைகள் ஒன்றல்ல. முதலாவது சுங்கத் தீர்வை. அதன் ஆணிவேர் 1869 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சுங்கக் கட்டளைச் சட்டம். லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 1867 இல் தேயிலை நட்ட இரண்டாண்டுக்குள் பிறந்த சட்டம் அது. பலமுறை திருத்தப்பட்டும் இன்றும் உயிரோடிருக்கிறது. இரண்டாவது செஸ் வரி. ஏற்றுமதியை வளர்ப்பதற்கு நிதி வேண்டும் என்று 1979 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்ப் பிறந்த இந்த வரி, காலப்போக்கில் இறக்குமதிக்கு எதிரான வேலியாக வளர்ந்துவிட்டது. மூன்றாவது துறைமுக, விமான நிலைய அபிவிருத்தி வரி. நான்காவதாக, 2022 அக்டோபர் முதல் சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரி என்ற பெயரில் நூற்றுக்கு 2.5. இவற்றுக்கெல்லாம் மேலே வற் வரி. 2019 இறுதியில் 8 ஆகக் குறைக்கப்பட்ட வற், 2022 இல் 12 ஆகி, அதே ஆண்டில் 15 ஆகி, 2024 சனவரி முதலாந் திகதி 18 ஆயிற்று. சரக்கின் பெறுமதி மேல் மட்டும் வற் விதிக்கப்படுவதில்லை. தீர்வையும் செஸ்ஸும் கூட்டிய தொகையின் மேல் விதிக்கப்படுகிறது. அதாவது வரிக்கும் வரி.

செஸ் வரியில் இன்னொரு நுட்பம் உண்டு. அதைக் கவனமாய்க் கேளுங்கள். பல பண்டங்களுக்குப் பட்டியலில் இரண்டு அளவுகள் எழுதியிருப்பார்கள்: பெறுமதியில் நூற்றுக்கு இவ்வளவு, அல்லது ஒரு கிலோவுக்கோ ஓர் உருப்படிக்கோ இவ்வளவு ரூபாய், இரண்டில் எது கூடுதலோ அது. கேட்பதற்கு நியாயமாய்த் தோன்றும். ஒரு கணக்குப் போடுவோம். இவை நான் விளக்கத்துக்குச் சொல்லும் எண்கள்; பட்டியலின் எண்களல்ல. 300 ரூபாய்ப் பெறுமதியான சட்டை ஒன்று. 3,000 ரூபாய்ப் பெறுமதியான சட்டை ஒன்று. நூற்றுக்கு 10 என்றால் முன்னதற்கு 30 ரூபாய், பின்னதற்கு 300 ரூபாய். அதனோடு "அல்லது உருப்படிக்கு 100 ரூபாய், எது கூடுதலோ அது" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால்? விலையுயர்ந்த சட்டைக்கு அதே 300 தான். மலிந்த சட்டைக்கு 30 போய் 100 ஆகிவிடும். பணக்காரன் பிள்ளைக்கு நூற்றுக்குப் பத்து. தோட்டத்துப் பிள்ளைக்கு நூற்றுக்கு முப்பத்து மூன்று. எவரும் பகைமையோடு எழுதியதல்ல. குறைந்த விலை காட்டிச் சுங்கத்தை ஏமாற்றும் வியாபாரியைப் பிடிக்க எழுதியதாய் இருக்கலாம். ஆனால் வலையிற் சிக்குவது மெலிந்த மீன்.

"தோட்டத் தொழிலாளி வருமான வரி கட்டுகிறானா?" என்று நகரத்திற் கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் தீபாவளி முற்பணத்தைக் காட்டுவேன். தீபாவளிக்குப் பிள்ளைகளுக்குப் புதுச் சட்டை வேண்டும், சம்பளம் போதாது, ஆகவே முற்பணம். அதைக் கொண்டு பெல்மதுளையிலோ அவிசாவளையிலோ கடைக்குப் போய்ச் சட்டை வாங்குகிறோம். கடை சிறியதாயிருக்கலாம், வற் பதிவு இல்லாததாயிருக்கலாம். ஆனால் துறைமுகத்திலே கட்டிய வற், விலைக்குள் உறைந்து கிடக்கிறது. பிறகு மாதா மாதம் முற்பணம் சம்பளத்தில் வெட்டப்படுகிறது. கடன் வாங்கி வரி கட்டும் குடியானவன் இந்நாட்டில் இருக்கிறான் என்றால், அவன் லயத்தில் இருக்கிறான்.

இந்தப் பட்டியல் ஏன் நம்மைக் கேளாமல் வளர்ந்தது? நமக்கு வாக்கு இல்லாதிருந்தது ஒரு காரணம். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த தேர்தற் சட்டத் திருத்தமும் நம்மை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கின. இச் சப்பிரகமுவ மண்ணிலேயே, எட்டியாந்தோட்டைத் தொகுதியின் பிரதிநிதியாயிருந்த கலாநிதி என். எம். பெரேரா 1970 முதல் 1975 வரை நிதியமைச்சராய் வரவு செலவுத் திட்டங்களை வாசித்தார். அத்தொகுதியின் இறப்பர்த் தோட்டங்களில் வேலை செய்த நம்மவர் பலருக்கு அவரை ஆதரிக்கவோ எதிர்க்கவோ ஒரு வாக்குச்சீட்டு இல்லை. எஞ்சியவர்களுக்குப் பிரசாவுரிமை வழங்கிய சட்டம் 2003 இல் தான் வந்தது. அது முதலாவது காரணம். இரண்டாவது காரணம், தீர்வை மாற்றும் முறை. 1962 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வருமானப் பாதுகாப்புச் சட்டப்படி, அமைச்சர் ஒரு கட்டளையால் தீர்வையை மாற்றிவிடலாம். பாராளுமன்ற அங்கீகாரம் பின்னால் வரும். வியாபாரிகள் பதுக்காதிருக்க இது வேண்டும் என்பார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் நள்ளிரவில் மாறும் தீர்வையைக் காலையில் வாசிக்கும் பழக்கம் இறக்குமதியாளனுக்கு உண்டு. நம் சங்கங்களுக்கு இல்லை. வாக்குக் கிடைத்து இருபதாண்டுக்கு மேலாயிற்று. இனியும் முதலாவது காரணத்தைச் சொல்லிக் கொண்டிருக்க முடியாது.

வெளிநாட்டில் இதைப் பற்றி மக்கள் பேசினார்களா என்று கேட்கலாம். பேசினார்கள், ஓர் அரசாங்கத்தையே கவிழ்த்தார்கள். அயர்லாந்திலே 1982 சனவரி 27 ஆந் திகதி சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில், அதுவரை வரியில்லாதிருந்த ஆடைக்கும் காலணிக்கும், குழந்தைகளுடையது உட்பட, வற் வரி முன்மொழியப்பட்டது. குழந்தைகளுக்கு விலக்களித்தால் சிறிய பாதமுள்ள பெண்கள் குழந்தைச் சப்பாத்தை வாங்கி வரி தப்பிவிடுவார்கள் என்று பிரதமர் கரெட் ஃபிட்ஸ்ஜெரால்டு தரப்பில் நியாயம் சொல்லப்பட்டது. அன்றிரவே 82 க்கு 81 என்ற வாக்குக் கணக்கில் அரசாங்கம் தோற்றது. குழந்தையின் சப்பாத்தில் இடறி விழுந்த மந்திரி சபை அது. பிரித்தானியாவில் 1973 இல் வற் வரி வந்த நாள் தொட்டே சிறுவர் ஆடைக்குப் பூச்சிய வீதம். அங்கும் பெரியவர்கள் தப்பிக்கலாமே என்ற கேள்வி எழுந்தது. அளவு அட்டவணை ஒன்றைப் போட்டு அதற்கு விடை கண்டார்கள். வயதுக்கு மீறி வளர்ந்த பிள்ளையின் பெற்றோர் அங்கே முணுமுணுக்கிறார்கள். நம்மிடம் அந்த முணுமுணுப்புக்கு இடமில்லை என்பதை முன்பே சொல்லிவிட்டேன்.

இனி நம் பக்கத்து எதிர்வாதத்துக்கு வருகிறேன். அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. இறக்குமதி ஆடைக்குச் சுமையைக் குறைத்தால் உள்நாட்டுத் தையல் தொழில் என்னாகும்? அத்தொழிலில் இருப்பவர்கள் யார்? நம் பெண் பிள்ளைகள். 1977 இல் இறக்குமதிக் கதவு திறந்தது. 1978 இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் எழுந்தது. பின்னர் நம் வாசலிலேயே அவிசாவளையில் சீதாவாக்கை வலயம் வந்தது. கேகாலை, இரத்தினபுரி மாவட்டத்து லயங்களிலிருந்து அங்கே பஸ் ஏறுகிறவர்களை நாம் அறிவோம். அவர்கள் தைக்கும் சட்டை அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா இலங்கைச் சரக்குக்கு நூற்றுக்கு 44 தீர்வை என்று அறிவித்து, ஆகஸ்டில் அதை 20 ஆக்கியபோது, அந்த நான்கு மாதமும் அவர்கள் பட்ட கவலை என்ன! வேறொரு நாட்டின் பட்டியலில் ஓர் எண் மாறினால் நம் வீட்டில் அடுப்பு அணையும் என்று நாம் அப்போது கண்டோம். ஆனால் அந்தப் பெரிய ஆலைகள் நம் சந்தையை நம்பி நிற்பவை அல்ல. நம் சந்தையை நம்பி நிற்பவர்கள் வீட்டிலே மெஷின் போட்டுத் தைக்கும் பெண்களும் சிறு பட்டறைக்காரருமே. அவர்களை நசுக்கிவிட்டு என் பிள்ளைக்கு மலிவுச் சட்டை வாங்க நான் விரும்பவில்லை.

ஆகையால் வேலியை முழுவதும் பிடுங்கி எறியுங்கள் என்று நான் கேட்கவில்லை. நான் கேட்பது, வற் வரியைக் குழந்தை ஆடையிலிருந்து நீக்குங்கள் என்பது. அது இறக்குமதிச் சட்டைக்கும் உள்ளூர்ச் சட்டைக்கும் ஒருங்கே பொருந்துவதால் உள்ளூர்த் தையற்காரிக்கு நட்டமில்லை. பூச்சிய வீதமாய் நீக்கினால் அவள் வாங்கும் துணியிலும் நூலிலும் ஏறிய வரிக்கும் வழி பிறக்கும். செஸ்ஸைப் பொறுத்தவரை, 6111, 6209 என்ற இரு தலைப்புகளின் கீழும் "எது கூடுதலோ அது" என்ற முறை எங்கெங்கே நிற்கிறதோ, அங்கெல்லாம் ரூபாய்க் கணக்கை எடுத்துவிட்டு நூற்று வீதத்தை மட்டும் வையுங்கள். வேலி நிற்கட்டும், ஏழையின் பக்கம் மட்டும் உயரமாய் நிற்க வேண்டாம். இது செய்வதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. குழந்தைகளுக்குத் தனி இலக்கம் ஏற்கெனவே இருப்பதால், செஸ் மாற்றத்துக்கு ஒரு வர்த்தமானிப் பக்கம் போதும்.

86 ஐத் தாண்டிய பிள்ளைகளின் நிலை அவ்வளவு எளிதல்ல. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் அவர்கள்தாம். அவர்களின் உடுப்புப் பெரியவர்களின் உடுப்போடு ஒரே இலக்கத்திற் கலந்திருக்கிறது. இங்கேதான் நான் முன்பு நினைவில் வைக்கச் சொன்ன வேறுபாடு உதவும். ஆறு இலக்கம் உலகத்துக்கு. அதற்கு மேல் வரும் இலக்கம் நமக்கு. காற்சட்டை என்ற ஆறிலக்கத் தலைப்பைப் பிரித்து, இன்ன அளவுக்குட்பட்டது என்று எட்டாம் இலக்கத்தில் சிறுவருக்கு ஒரு கிளை கொடுப்பதை எந்த உடன்படிக்கையும் தடுக்கவில்லை. உலகப் பட்டியலின் அடுத்த திருத்தம் 2028 சனவரியில் நடைமுறைக்கு வர இருக்கிறது. அதற்கேற்ப நம் நாட்டுப் பட்டியலையும் மாற்றியெழுத வேண்டியிருக்கும். எழுதுகோல் கையிலெடுக்கப்படும் வேளையிற் கேட்பதே கேள்வி. எழுதி முடித்த பின் கேட்பது ஒப்பாரி.

வரியை எடுத்தால் இலாபத்தை வியாபாரி விழுங்குவான் என்பாரும் உளர். ஒரு பகுதியை விழுங்குவான், நான் மறுக்கவில்லை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை எதற்காக இருக்கிறது? வரி நீங்கிய தேதிக்கு முன்னும் பின்னும் விலையைப் பார்த்துச் சொல்லும் வேலையை நம் தோட்டக் கமிட்டிகளே செய்யலாம். கடைக்காரரோடு சண்டை வேண்டாம். ஒரு கொப்பியும் பென்சிலும் போதும்.

அந்தக் கொப்பியை இந்த வாரமே தொடங்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஒவ்வொரு தோட்டத்திலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள பத்து வீடுகளில் கடந்த தீபாவளிக்கு வாங்கிய சட்டையின் விலை, வாங்கிய இடம், சட்டையில் எழுதிய அளவு, பிள்ளையின் வயது, வளர்ச்சி அட்டையிலுள்ள உயரம் ஆகிய ஐந்தையும் எழுதிக்கொண்டு வாருங்கள். பெயர் வேண்டாம், எந்தத் தாயையும் வெட்கப்படுத்த வேண்டாம். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் பாராளுமன்ற உறுப்பினர்கள் எல்லோருக்கும், கட்சி பாராமல், அந்தக் கணக்கோடுதான் நம் மனு போக வேண்டும். மனுவின் வாசகத்தைச் செயலாளர் இப்போது வாசிப்பார். சொற்களில் திருத்தம் இருந்தால் தாய்மார்கள் முதலிற் சொல்லுங்கள்; சட்டை வாங்குகிறவர்கள் நீங்கள்.